‘புல் ஸ்ட்ரிங்ஸ்’: உதவியா, குற்றச்சாட்டா?

கேள்வி இது. வேறொரு கிளையில் வேலை பார்க்கும் ஒருவர், ஏற்கெனவே இடம் நிரம்பிவிட்ட ஒரு பயிற்சி வகுப்பில் தனக்கு இடம் கிடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் ஆங்கிலத்தில் ‘மை மேனேஜர் புல்ட் சம் ஸ்ட்ரிங்ஸ்’ என்று சேர்த்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘என் மேலாளர் சில நூல்களை இழுத்தார்’. இது மேலாளரைப் பாராட்டுவதா, குத்திக்காட்டுவதா? பணம் ஏதாவது கைமாறியது என்று பொருளா? ‘புல் தி ஸ்ட்ரிங்ஸ்’ என்றும் செய்திகளில் வருகிறதே, இரண்டும் ஒன்றா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலாளர் தனக்குத் தெரிந்த யாரிடமோ பேசி, வரிசையில் நின்றால் கிடைத்திருக்காத ஓர் இடத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாம் ‘ஆளைப் பிடித்துக் காரியத்தை முடித்தார்’, ‘சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்’ என்கிறோமே, அதுதான். பணம் கைமாறியதாகப் பொருள் இல்லை. உங்களுக்கு வந்த வரியில் இருப்பது நன்றியும் கொஞ்சம் பெருமையும். ஆனால் இதே சொற்றொடரை வேறொருவர் வேறொரு தொனியில் சொன்னால் அது நேரடியான குற்றச்சாட்டாகிவிடும். நடுவில் ‘தி’ வந்தாலோ பொருளே வேறு.

சொற்றொடருக்குப் பின்னால் இருப்பது பொம்மலாட்டம். மேலே, திரை மறைவில் ஒருவர் நூலை இழுக்கிறார். கீழே பொம்மை கையைத் தூக்குகிறது. பார்ப்பவருக்குக் கை அசைவது தெரிகிறது, இழுப்பவரைத் தெரிவதில்லை. இந்த உருவகம் ஆங்கிலத்துக்குச் சொந்தமானது ஒன்றும் இல்லை. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், தன்னைச் சுதந்திரமானவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் எஜமானனைப் பார்த்து, பிறர் கையிலுள்ள நூலுக்கு ஆடும் மரப்பொம்மை நீ என்று அவனுடைய அடிமையே சொல்வதாக எழுதியிருக்கிறார். வள்ளுவரும் ‘மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று’ என்கிறார். நாண் என்றால் கயிறு, நாண் என்றால் வெட்கம்; மனதுக்குள் வெட்கம் இல்லாதவன் நடமாடுவது, கயிற்றால் உயிருள்ளதுபோல் ஆடும் பொம்மையின் நடமாட்டம்தான் என்று இரண்டையும் ஒரே குறளில் முடிச்சுப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் இது அரசியல் பேச்சுக்குள் நன்றாக ஊறியது 19ஆம் நூற்றாண்டில். அமெரிக்காவில் நூலுக்குப் பதில் கம்பி. திரைமறைவில் கட்சிக் காரியங்களை நடத்துபவரை ‘வயர் புல்லர்’ என்றார்கள். கம்பி பின்னால் வழக்கொழிந்துபோய் நூல் மட்டும் நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை அப்படியே ‘கயிறுகளை இழுத்தார்’ என்று மொழிபெயர்த்து வைக்கும் துணைத்தலைப்புகளைப் பார்க்கிறேன். தமிழில் நூலும் கயிறும் போகும் வழியே வேறு. நூல் விடுவது என்றால் எதிராளியின் மனதை ஆழம் பார்ப்பது, பெரும்பாலும் காதல் விவகாரத்தில். கயிறு திரிப்பதும் சரடு விடுவதும் கதை அளப்பது. ‘அவளுக்காக நூலை இழுத்தேன்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பாரோ, அது உங்கள் பொறுப்பு. ‘சிபாரிசு’ என்ற சொல் ஓரளவு பொருந்தும். ஆனால் சிபாரிசு வெளிப்படையாகவும் நடக்கலாம், கடிதமாகவே எழுதிக் கொடுக்கலாம். புல் ஸ்ட்ரிங்ஸில் கொஞ்சம் மறைவு உண்டு. ‘உள்ளே ஆள் வைத்து’ என்பது அந்த மறைவுக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது.

சரி, பாராட்டா குத்தலா என்ற விஷயத்துக்கு வருவோம். அகராதிகள் பொதுவாக ‘செல்வாக்கைப் பயன்படுத்திச் சலுகை பெறுதல்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. யார் பேசுகிறார் என்பதை அவை சொல்வதில்லை. இந்தச் சொற்றொடரில் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

தன்னைப் பற்றிப் பேசும்போது இது வாக்குறுதி. ‘லெட் மீ ஸீ இஃப் ஐ கேன் புல் சம் ஸ்ட்ரிங்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், முடிந்ததைச் செய்து பார்க்கிறேன், நமக்கு அங்கே ஆள் இருக்கிறது என்று பொருள். கூடவே ஒரு புன்னகையும் வரும். நாம் ‘அவர் காதில் போட்டு வைக்கிறேன்’ என்று சொல்லும் அதே தொனி. கண்டிப்பாக முடியும் என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நடக்காவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாத மாதிரி வாக்கியமே கட்டப்பட்டிருக்கிறது. தனக்கு உதவியவரைப் பற்றிச் சொன்னால் அது நன்றி. உங்களுக்கு வந்த வரி இந்த வகை.

போட்டியில் தோற்றவர் ஜெயித்தவரைப் பற்றிச் சொன்னால்? ‘ஹி மஸ்ட் ஹாவ் புல்ட் ஸ்ட்ரிங்ஸ்’ என்றால், தகுதியில் வந்தவன் இல்லை, ஆளைப் பிடித்து உள்ளே வந்தவன் என்று அர்த்தம். பதவி உயர்வு பெற்றவரின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னால் சண்டைதான். ஆகவே யாருக்காவது நன்றி சொல்வதானாலும் பத்துப் பேருக்கு நகல் போகும் மின்னஞ்சலில் ‘தேங்க்ஸ் ஃபார் புல்லிங் ஸ்ட்ரிங்ஸ்’ என்று எழுத வேண்டாம். நீங்கள் நன்றிதான் சொல்கிறீர்கள், ஆனால் நகலில் படிக்கும் ஒன்பது பேரில் இடம் கிடைக்காத ஒருவர் இருப்பார். அவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அது போதும்.

அப்புறம், நூலை இழுப்பவர் வெளிப்படையாக இழுக்கவே தேவையில்லை என்பதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனில் கிடைக்கிறது. 2004இல் உள்துறை அமைச்சராக இருந்தவர் டேவிட் பிளங்கெட். அவருக்கு நெருக்கமான பெண் ஒருவரின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண், பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த விண்ணப்பம் வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது. குடியேற்றத் துறையிலிருந்து அமைச்சரின் அலுவலகத்துக்குப் போன ஒரு மின்னஞ்சல் பின்னர் வெளியே வந்தது. அதன் சாரம் இது: தனிச் சலுகை எதுவும் இல்லை, வழக்கமாகச் செய்வதுதான், கொஞ்சம் சீக்கிரமாக. பிளங்கெட் அந்த டிசம்பரில் பதவி விலகினார். சர் ஆலன் பட் தலைமையில் நடந்த விசாரணை, அமைச்சரின் அலுவலகத்துக்கும் விண்ணப்பம் வேகமெடுத்ததற்கும் இடையே தொடர்ச் சங்கிலி ஒன்று இருப்பதைக் கண்டது. ஆனால் அமைச்சரே அப்படிச் செய்யச் சொன்னாரா என்பதை அதனால் நிறுவ முடியவில்லை.

இந்தச் சொற்றொடரை விளக்க அந்த மின்னஞ்சலைவிட நல்ல வாசகம் எனக்குத் தெரியவில்லை. விதி மீறப்படவில்லை, வரிசை மட்டும் மாறியது. யாரும் கட்டளையிட்டதாகக் காகிதம் இல்லை. பெரிய அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தாலே கீழே இருப்பவர்கள் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். ஆங்கிலச் செய்தியாளர்கள் இத்தகைய இடங்களில் ‘ஸ்ட்ரிங்ஸ் வேர் புல்ட்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுவதை விரும்புவதற்கும் இதுதான் காரணம். இழுக்கப்பட்டது தெரியும், இழுத்தவர் யார் என்று எழுதினால் வழக்கு வரும்.

லஞ்சத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் பேசுபவர்கள் ஓரளவு கறாராகவே வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தால் அது ‘பிரைப்’. புல் ஸ்ட்ரிங்ஸில் செலவாவது பழக்கம், உறவு, பழைய உதவிக்குப் பதில் உதவி. 2019இல் அமெரிக்காவில் வெடித்த கல்லூரிச் சேர்க்கை மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்திய ரிக் சிங்கர் கல்லூரிக்குள் நுழைய மூன்று கதவுகள் இருப்பதாகப் பெற்றோர்களிடம் விளக்கினார். தகுதியால் நுழைவது முன்கதவு. கல்லூரிக்குப் பெரும் நன்கொடை கொடுத்து நுழைவது பின்கதவு. தான் திறந்துவைத்திருப்பது பக்கக் கதவு. அதாவது பயிற்சியாளர்களுக்குப் பணம், தேர்வில் தில்லுமுல்லு. இதைப் புல் ஸ்ட்ரிங்ஸ் என்று எழுதினால் குற்றத்தைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அதே நேரம், செல்வாக்கையே விலைக்கு விற்பதும் உண்டு. அதைச் சட்டமொழியில் ‘டிரேடிங் இன் இன்ஃப்ளுவன்ஸ்’ என்பார்கள். 2003இல் நிறைவேறிய ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். எனவே நண்பனுக்காக நூலை இழுப்பதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு நூலை இழுப்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. பேச்சுவழக்குச் சொற்றொடர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

கல்லூரி என்றதும் சிகாகோ நினைவுக்கு வராமல் இருக்காது. செல்வாக்கைக் குறிக்கும் ‘கிளவுட்’ (clout) என்ற சொல்லை அரசியல் அர்த்தத்தில் வளர்த்துவிட்ட ஊர் அது. அங்கே 1948இல் நடந்ததாக ஆப்னர் மிக்வா என்பவர் ஒரு சம்பவத்தைப் பல முறை சொல்லியிருக்கிறார். அப்போது அவர் சட்ட மாணவர். தேர்தல் வேலைக்குத் தொண்டராக உதவலாம் என்று ஒரு வார்டு கட்சி அலுவலகத்துக்குள் போனார். உள்ளே சுருட்டோடு உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: ‘உன்னை யார் அனுப்பினது?’

‘யாரும் அனுப்பவில்லை.’

‘யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம்.’

அதோடு விடவில்லை. வேலை எதுவும் காலியில்லை என்றார். எனக்கு வேலை வேண்டாம், சும்மா உதவ வந்தேன் என்றார் மிக்வா. வேலை வேண்டாம் என்கிற ஆளும் எங்களுக்கு வேண்டாம் என்று பதில் வந்தது. நூல் இல்லாத பொம்மைக்கு அந்த மேடையில் இடமே இல்லை! மிக்வா பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், கூட்டாட்சி நீதிபதி, அதிபர் கிளின்டனின் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் என்று உயர்ந்தார்.

2009இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்னொரு விவகாரம் கிளம்பியது. அரசியல்வாதிகளும் அறங்காவலர்களும் பரிந்துரைத்த மாணவர்களுக்கென்று ‘கேட்டகரி ஒன்று’ என்ற தனிப்பட்டியல் இருந்ததை சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 800 விண்ணப்பங்கள் அதில் இருந்தன. பத்திரிகைகள் அதைக் ‘கிளவுட் லிஸ்ட்’ என்றன. பல்கலைக்கழகத் தலைவர் ஜோசப் வைட் பதவி விலகினார், அறங்காவலர்களில் பலரும் விலகினார்கள். அதை விசாரிக்க ஆளுநர் நியமித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? யாரும் அனுப்பாமல் வார்டு அலுவலகத்துக்குள் போன அதே மிக்வா.

சொல்லளவில் பார்த்தால் கிளவுட் என்பது ஒருவரிடம் இருக்கும் சரக்கு. நூலை இழுப்பது அதைச் செலவழிக்கும் செயல். ‘புல்’ என்ற சொல் தனியாகப் பெயர்ச்சொல்லாகவும் வரும். ‘ஷி ஹாஸ் புல் வித் தி போர்ட்’ என்றால் நிர்வாகக் குழுவிடம் அவர் பேச்சு எடுபடும் என்று பொருள். அங்கே நூல் இல்லை.

இப்போது ‘தி’. ஒரே ஒரு சின்னச் சொல்தான், ஆனால் சேர்த்தவுடன் மனிதரே மாறிவிடுகிறார். புல் ஸ்ட்ரிங்ஸ் செய்பவர் ஒரு தடவை ஒரு காரியத்துக்காகச் செய்கிறார். ‘புல் தி ஸ்ட்ரிங்ஸ்’ செய்பவர் மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறார். பெயருக்குத் தலைவர் ஒருவர். ஆட்டிவைப்பவர் பின்னால் வேறொருவர். நம் செய்தித்தாள் தமிழில் சூத்திரதாரி, கைப்பாவை என்ற இரண்டு சொற்களும் இதற்கென்றே இருக்கின்றன. ‘ஹூ இஸ் ரியலி புல்லிங் தி ஸ்ட்ரிங்ஸ்?’ என்றால், உண்மையில் ஆட்டிவைப்பது யார் என்ற கேள்வி. என் மாமா நூலை இழுத்து எனக்கு டிக்கெட் வாங்கித் தந்தார் என்று சொல்ல நினைத்து ‘தி’ போட்டுவிட்டால் மாமா பெரிய சதிகாரராகிவிடுவார்.

இந்த இரண்டாம் பொருளுக்கு ஆங்கிலத்தில் உறவினர்கள் அதிகம். ‘பவர் பிஹைண்ட் தி த்ரோன்’ என்பது ஒன்று. மூத்த வில்லியம் பிட் 1770இல் பிரபுக்கள் சபையில் பேசும்போது, அரியணைக்குப் பின்னால் அரசரைவிடப் பெரிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொன்னார். அது அப்படியே சொற்றொடராக ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து வந்த ‘எமினன்ஸ் கிரீஸ்’ இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸின் சகல அதிகாரமும் கொண்ட முதலமைச்சர் கார்டினல் ரிஷெலியு. கார்டினலுக்குச் சிவப்பு அங்கி, ‘எமினன்ஸ்’ என்ற மரியாதைப் பட்டம். அவருடைய நெருங்கிய ஆலோசகர் ஜோசப் என்ற துறவி, கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர். அவருக்குப் பட்டமும் இல்லை, சிவப்பும் இல்லை, சாம்பல் நிற அங்கிதான். ஆனாலும் அவர் பேச்சு எங்கும் செல்லுபடியானது. எனவே அவரைச் ‘சாம்பல் நிற எமினன்ஸ்’ என்று அழைத்தார்கள். இன்றைக்கும் பதவியில் இல்லாமல் ஆட்சியில் கைவைப்பவருக்கு இதே பெயர்தான்.

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். பொம்மலாட்டக்காரர் உருவம் யூத வெறுப்புப் பிரச்சாரத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்திருக்கிறது. உலகத்தையே சிலர் திரைமறைவில் ஆட்டிவைக்கிறார்கள் என்ற சதிக் கதையின் நிலையான சித்திரம் அது. ஆகவே யூதர் ஒருவரைப் பற்றியோ யூத அமைப்பைப் பற்றியோ எழுதும்போது ‘புல்லிங் தி ஸ்ட்ரிங்ஸ்’ என்றோ ‘பப்பட் மாஸ்டர்’ என்றோ எழுதினால், உங்கள் நோக்கம் எதுவானாலும் அப்படித்தான் படிக்கப்படும். அங்கே வேறு சொல்லைத் தேடுங்கள்.

இலக்கணம் அதிகம் இல்லை. நூல் எப்போதும் பன்மைதான். சம், எ ஃப்யூ என்பவை முன்னால் வரும். ஒருமையில் ‘எ ஸ்ட்ரிங்’ என்று எழுதினால் சட்டையில் தொங்கும் நூலை இழுத்ததுபோல் ஒலிக்கும்; ‘எவ்ரி ஸ்ட்ரிங்’ மட்டும் சரியாக வரும். யாருக்காக என்பதற்கு ‘ஃபார்’, எதற்காக என்பதற்கு ‘டு கெட்’. வேலை விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் இதைத் தொடவே வேண்டாம். அங்கே ‘ரெகமெண்ட்’, ‘ரெஃபர்’ இருக்கின்றன. தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வதானால் ‘புட் இன் எ குட் வேர்ட்’ என்று கேளுங்கள். அதில் மறைவு இல்லை, கேட்பவருக்கும் கூச்சம் இல்லை.

செல்வாக்கைக் குறிக்கும் மற்றச் சொற்றொடர்களோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ‘புல் ரேங்க்’ என்றால் ஆளைப் பிடிப்பது அல்ல, தன் பதவியையே காட்டி வாயை அடைப்பது. ராணுவத்திலிருந்து வந்தது. ‘த்ரோ ஒன்ஸ் வெயிட் அரௌண்ட்’ வெறும் பந்தா. ‘ட்விஸ்ட் ஸம்ஒன்ஸ் ஆர்ம்’ என்பது நிர்ப்பந்தம். ஆனால் இன்னொரு கப் காபி குடிக்கச் சொல்லி வற்புறுத்தினாலும் சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார்கள். ஒருவரை விரலசைவில் ஆட்டிவைப்பதற்கு ‘ராப் ஸம்ஒன் அரௌண்ட் ஒன்ஸ் லிட்டில் ஃபிங்கர்’, அதாவது சுண்டுவிரலில் சுற்றிவைப்பது. அது அன்பால் வரும் செல்வாக்கு, பேத்திக்குத் தாத்தாவிடம் இருப்பது. இவற்றுள் மூன்றாம் நபர் ஒருவரின் தயவைத் தேடிப் போவது புல் ஸ்ட்ரிங்ஸ் மட்டும்தான்.

மற்ற மொழிக்காரர்கள் இந்தத் தயவுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஜெர்மானியர்கள் ‘வைட்டமின் பி’ என்கிறார்கள். தொடர்புகளைக் குறிக்கும் பெட்ஸீஹுங்கன் என்ற சொல்லின் முதலெழுத்து அது. பிரெஞ்சில் ‘பிஸ்டன்’. ஸ்பானிய மொழியில் ‘என்சூஃபே’, மின்சாரப் பிளக். அரபியில் ‘வாஸ்தா’. சோவியத் காலத்து ரஷ்யாவில் ‘பிளாட்’ (blat). கடையில் இல்லாத பொருளும் பிளாட் இருந்தால் கிடைத்தது. இவற்றில் எதுவும் பொம்மலாட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜெர்மானியருக்கு உடம்புக்குச் சத்து, பிரெஞ்சுக்காரருக்கும் ஸ்பானியருக்கும் இயந்திரம். இந்த வரிசையில் மறைந்திருக்கும் கையை நினைத்தது ஆங்கிலம்.

கடைசியாக, ஸ்ட்ரிங் வந்தாலே செல்வாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ‘நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்’ என்றால் நிபந்தனை ஏதும் இல்லை. ‘ஸ்ட்ரிங் அலாங்’ என்றால் ஆசைகாட்டி அலைக்கழிப்பது. ‘பர்ஸ் ஸ்ட்ரிங்ஸ்’ யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பணப் பொறுப்பு. பழைய சுருக்குப் பையின் வாய்க்கயிறு அது, நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அதே பை. ‘ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ மட்டும் தமிழுக்கு அச்சு அசலாக வரும்: அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிற பையன்.